சம்பளக் கணக்கும் சிறிய பள்ளிகளும்



"மாணவர் குறைந்த தமிழ்ப்பள்ளிக்கு இத்தனை ஆசிரியர்கள் எதற்கு? அரசாங்கப் பணம் வீணாகிறதே!" என்னும் பேச்சு அவ்வப்போது எழுகிறது. பேசுபவர் பெரும்பாலும் ஒரே ஓர் எண்ணைத்தான் கையில் வைத்திருப்பார். அந்த எண் எங்கிருந்து வந்தது, எதைக் கூட்டி எதனால் வகுத்தார்கள் என்று நாம் கேட்பதில்லை. கேட்கும் திறனை நாம் வளர்த்துக்கொள்ள வேண்டும் என்பதே என் கருத்து.

கல்வி அமைச்சு வெளியிடும் பள்ளிப் பட்டியலில் மாணவர் எண்ணிக்கை உண்டு. ஆசிரியர் எண்ணிக்கையும் உண்டு. சம்பளம் இல்லை. ஆகவே, யாரேனும் ஒரு சராசரிச் சம்பளத்தைத் தாமே வைத்துக்கொண்டு பெருக்கிப் பார்க்கிறார். விடை உண்மைபோலவே தோன்றும். ஆனால் அது ஊகமே.

ஒரு கற்பனைக் கணக்கைப் பாருங்கள். ஒரு சிறிய பள்ளியில் எழுவர். அவர்களின் மாதச் சம்பளம் 3,000, 3,200, 3,400, 3,600, 4,000, 6,500, 8,300 ரிங்கிட். மொத்தம் 32,000; சராசரி ஏறத்தாழ 4,571. ஆனால் எழுவரில் ஐவர் அந்தச் சராசரியைவிடக் குறைவாகப் பெறுகின்றனர்! வரிசையில் நடுவில் நிற்பவர் பெறுவது 3,600 மட்டுமே. இந்த இடைநிலை எண்ணையே முதலில் பார்க்க வேண்டும்.

இனி மாணவர் தலைக்கு வகுப்போம். அப்பள்ளியில் 40 மாணவர் என்றால் தலைக்கு 800 ரிங்கிட். வேறொரு பெரிய பள்ளியில் 50 ஆசிரியர், 800 மாணவர், மாதச் சம்பளம் மொத்தம் 200,000 ரிங்கிட் என்றால் தலைக்கு 250 ரிங்கிட். 800 எங்கே, 250 எங்கே! இதைக் கண்டவுடன் சிறிய பள்ளி ஆடம்பரமாய்ச் செலவழிக்கிறது என்று முடிவுகட்டுவது எளிது. உண்மை என்ன? ஆசிரியரின் சம்பளத்தைப் பள்ளி தீர்மானிப்பதில்லை. தரமும் பணிக்காலமும் தீர்மானிக்கின்றன. ஆறு வகுப்புகள் தனித்தனியே நடக்கும் பள்ளியில், வகுப்புக்கு ஐவர் இருந்தாலும் முப்பதுபேர் இருந்தாலும் ஆசிரியர் வேண்டும். 150 மாணவருக்கு மேற்படாத பள்ளிகளைக் குறைந்த மாணவர் பள்ளி என்று அமைச்சே தனியாக வகைப்படுத்துகிறது. அவற்றை அவற்றோடுதான் ஒப்பிட வேண்டும்; அது தேசியப் பள்ளியானாலும் சரி, சீனப்பள்ளியானாலும் சரி. யானையையும் ஆட்டையும் ஒரே தராசில் நிறுத்தலாமா?

கணினியில் பைதன் மொழியும் அதன் பாண்டாஸ் தொகுப்பும் இலவசமாகவே கிடைக்கின்றன. தொகுக்கும் கட்டளை ஒரே வரிதான். அதற்கு முன் தரவைத் தூய்மை செய்வதில்தான் முக்கால் பங்கு உழைப்பு போகிறது. சம்பளத் தரவைப் பொறுத்தவரை நம் சூழலுக்கே உரிய சிக்கல்கள் சில உண்டு.

முதலாவது, தரக் குறியீடு. 2002 முதல் இருந்துவந்த மலேசியச் சம்பள முறைக்கு அடுத்து, 2024 டிசம்பர் 1இல் பொதுச்சேவைச் சம்பள முறை நடைமுறைக்கு வந்தது. டிஜி41 என்பது டிஜி9 ஆனது. டிஜி44 டிஜி10 ஆனது. டிஜி48 டிஜி12 ஆனது. விவரம் அறியாதவர் பழைய பட்டியலையும் புதிய பட்டியலையும் ஒன்றாக ஒட்டினால், ஆசிரியர்கள் கூண்டோடு பதவியிறக்கம் பெற்றதுபோல் தோன்றும்! புதிய முறையை ஏற்பதா என்பது அவரவர் விருப்பத்திற்கு விடப்பட்டதால், இரண்டு குறியீடுகளும் ஒரே பட்டியலில் கலந்து வரக்கூடும். உயர்வும் 2024 டிசம்பர், 2026 ஜனவரி என இரு கட்டங்களாகப் பிரிக்கப்பட்டது. ஆகவே 2024ஆம் ஆண்டின் மொத்தத்தில் புதிய விகிதம் ஒரே ஒரு மாதத்திற்குத்தான் உண்டு.

இரண்டாவது, பெயர். ஏ/எல், ஏ/பி என்பவை சில இடங்களில் இருக்கும், சில இடங்களில் விடுபட்டிருக்கும். சுப்பிரமணியம் என்னும் ஒரே பெயரை உரோமன் எழுத்தில் எத்தனை விதமாக எழுதுகிறோம்! பெயரை வைத்துத் தொகுத்தால் ஒருவர் இருவராவார், இருவர் ஒருவராவர். பள்ளிப் பெயருக்கும் இதே கதிதான். தோட்டப் பள்ளிகளின் பெயரில் 'லாடாங்' என்பது ஓரிடத்தில் முழுமையாகவும் இன்னோரிடத்தில் சுருக்கமாகவும் நிற்கும். பள்ளிக் குறியீட்டை வைத்தே தொகுக்க வேண்டும். பினாங்கின் 28 தமிழ்ப்பள்ளிகளும் அவ்வாறு பிசகாமல் பிரிந்து வரும்.

மூன்றாவது, சுழியம். 2000ஆம் ஆண்டிலும் அதற்குப் பின்னரும் பிறந்த இளம் ஆசிரியர்களின் அடையாள அட்டை எண் சுழியத்தில் தொடங்குகிறது. எக்செல் அதனை எண்ணாகக் கருதி முன்சுழியத்தை விழுங்கிவிடும். சுங்கைப்பட்டாணியின் 08000 வெறும் 8000 ஆகிவிடும். எனவே எல்லாவற்றையும் முதலில் எழுத்தாகவே படிக்கச் சொல்லிவிட்டு, சம்பள நெடுவரிசையில் மட்டும் காற்புள்ளியை நீக்கி எண்ணாக்க வேண்டும். வெற்றுக் கட்டத்தைச் சுழியமாக்கக் கூடாது. விவரம் இல்லை என்பது வேறு, சம்பளம் இல்லை என்பது வேறு. ஆண்டின் நடுவில் மாற்றலானவர் இரு பள்ளிகளிலும் தோன்றுவார். அவரை இருவராக எண்ணிவிடவும் கூடாது.

சரி, சம்பள விவரத்தை வெளியிடத்தான் வேண்டுமா? இந்தியாவின் 2005ஆம் ஆண்டுத் தகவல் பெறும் உரிமைச் சட்டம், அதன் 4ஆம் பிரிவில், அரசு அலுவலகங்கள் தம் ஊழியர் ஒவ்வொருவரின் மாத ஊதியத்தையும் தாமாகவே வெளியிட வேண்டும் என்கிறது. அமெரிக்காவின் கலிபோர்னியாவில் பெல் என்னும் சிறு நகரின் நிர்வாகி ஆண்டுக்கு ஏறத்தாழ 8 இலட்சம் டாலர் பெற்றுவந்தது 2010இல் பத்திரிகையால் அம்பலமானது. அதன் பின்னர் அம்மாநிலம் பொது ஊழியர் ஊதியத்தை இணையத்தில் வெளியிடத் தொடங்கியது. நம் பினாங்கிலும் தகவல் சுதந்திரச் சட்டம் 2015 முதல் நடைமுறையில் உள்ளது. ஆனால் அது மாநில அரசுத் துறைகளுக்கானது. கல்வியோ கூட்டரசின் அதிகாரத்துக்கு உட்பட்டது.

வெளிப்படைத்தன்மையை நான் முழுமனத்தோடு ஆதரிக்கிறேன். ஆனாலும் ஆசிரியர்களைப் பெயர்பெயராகப் பட்டியலிடுவதை ஏற்கமாட்டேன். நம் சம்பள அட்டவணை ஏற்கெனவே பொதுவில் இருக்கிறது. பெல் நகர நிர்வாகிபோல் தமக்குத் தாமே ஊதியம் நிர்ணயிக்க எந்த ஆசிரியராலும் இயலாது. பெயரை நீக்கினால் மட்டும் போதும் என்றும் எண்ணிவிடாதீர்கள். ஏழு ஆசிரியர் உள்ள பள்ளியில் டிஜி12 ஒருவரே என்றால், 'டிஜி12 சராசரி' என்பது அவருடைய சம்பளமேயன்றி வேறென்ன? அடுத்த நாளே ஊருக்குத் தெரிந்துவிடும்.

ஆகவே என் வேண்டுகோள் மூன்று.

1. தரவாரியான ஆசிரியர் எண்ணிக்கையையும் இடைநிலைச் சம்பளத்தையும் மாவட்ட அளவில் அமைச்சு ஆண்டுதோறும் வெளியிடட்டும். பத்துப் பேருக்குக் குறைந்த பிரிவுகளை அடுத்த பிரிவோடு சேர்த்துவிடட்டும்.

2. பள்ளிச் செலவைப் பற்றி யார் எண்ணைக் கூறினாலும், அதைக் கணக்கிட்ட முறையையும் உடன் தரட்டும். பைதனில் செய்ததாயின் அந்தக் கட்டளை வரிகளையே வெளியிடலாம், மற்றவர் சரிபார்க்கலாம்.

3. பெற்றோர் ஆசிரியர் சங்கங்கள் அமைச்சின் பள்ளிப் பட்டியலைக் கொண்டு ஒரு நாள் பயிலரங்கு நடத்தட்டும். அதில் தனிமனிதர் சம்பளம் இல்லாததால் எவருக்கும் தீங்கில்லை. பழகுவதற்கு அதுவே போதும்.

ஒரு பள்ளியை மூடுவதா, இணைப்பதா என்னும் பேச்சு எண்களோடு வரும்போது, வெறும் உணர்ச்சியால் மட்டும் அதை எதிர்கொள்ள முடியாது. சரியான எண்ணைக் கேட்டுப் பெறத் தெரிந்த பெற்றோரும், அதைச் சரிபார்க்கத் தெரிந்த ஆசிரியரும் இருந்தால் சிறிய பள்ளியின் நியாயம் தானே விளங்கும்.

அன்புடன்,
ஒரு தமிழ்ப்பள்ளி ஆசிரியன்
ஜார்ஜ்டவுன், பினாங்கு