வட்டமும் நீளமும் உறவுக்குச் சான்றாகா

டயாட்டம்கள் மைய வகை, இறகு வகை என்னும் இரண்டே வரிசைகளாகப் பிரியும் என்ற வாய்பாடு, எஃப். இ. ஃபிரிட்ச் 1935இல் வெளியிட்ட பாசியியல் நூலின் வழியே இந்தியக் கல்லூரிப் பாடங்களில் நிலைபெற்று, இன்றளவும் மனப்பாடமாக ஒப்பிக்கப்படுகிறது. டயாட்டம் என்பது, சோப்புப் பெட்டியின் அடியும் மூடியும் போலப் பொருந்தும் இரண்டு சிலிக்கா ஓடுகளுக்குள் வாழும் ஒற்றைச்செல் பாசி. ஓட்டின் வரிகள் நடுப்புள்ளியிலிருந்து விரிந்தால் ஒரு குலம், நடுக்கோட்டின் இருபுறமும் அமைந்தால் மற்றொரு குலம் என்பதே அவ்வாய்பாடு. வகைப்பாடு வழித்தோன்றல் உறவைக் காட்ட வேண்டுமெனில், இது தவறு.

மாணவர்க்கு எளிது என்பது வாதமே அன்று. மைய வகையின் ஆண் அணுக்களுக்கு நீந்தும் கசையிழை உண்டு, இறகு வகைக்கு இல்லை என்பதும் நிற்காது; கசையிழை மூதாதையரிடமிருந்து வந்த பழம்பண்பு, அதை இழக்காதவை அனைத்தும் ஒரே கிளை ஆகிவிடா.

மும்பையின் தேவ்நார்க் குப்பைமேட்டுக்கும் அலையாத்திக் காட்டுக்கும் அப்பால் விரியும் தாணேக் கழியின் நீரில் கோசினோடிஸ்கஸ், தலாசியோசைரா என்னும் டயாட்டம்கள் கிடைக்கின்றன. இரண்டும் வட்டத் தட்டுகள் என்பதால் பாடநூல் அவற்றை ஒரே குலத்தில் சேர்க்கிறது. ஆனால் கைட்டின் என்னும் பொருளை இழையாக வெளியேற்றும் நுண்குழல்கள் தலாசியோசைராவின் ஓட்டில் உண்டு, கோசினோடிஸ்கஸின் ஓட்டில் இல்லை; மரபணுக்களை ஒப்பிட்டு வரைந்த உறவு மரங்களிலோ தலாசியோசைரா, தன்னைப் போலவே வட்டமான கோசினோடிஸ்கஸைவிட, அதே கழியின் சேற்றில் ஊரும் நீண்ட இறகு வகை டயாட்டமான நாவிகுலாவுக்கே நெருங்கி நிற்கிறது. ஆகவே மைய வகை ஒரு குலம் அன்று; இறகு வகையைப் பிரித்தெடுத்தபின் எஞ்சியவற்றுக்கு இட்ட பொதுப்பெயர் மட்டுமே. வெப்பக் கடல்களில் வாழும் டாக்ஸேரியம் என்னும் டயாட்டம் தரும் சான்று இன்னும் கடுமையானது: மெலிந்து நீண்ட உடலை நம்பி இறகு வகையில் வைக்கப்பட்டிருந்த அதனை, கூயிஸ்ட்ராவும் உடனாய்வாளர்களும் 2003இல் மரபணு வழியே ஆராய்ந்தபோது, அதன் உறவினர் அனைவரும் மைய வகையில் இருந்தனர். நீளம் தனித்தனியே பலமுறை தோன்றக்கூடியது என்றால், நீளத்தைக் கொண்டு குலம் வகுப்பது எப்படிப் பொருந்தும்?

மரபணுச் சான்று இல்லாத காலத்து ஃபிரிட்சைக் குறைகூற இயலாது. மெட்லினும் காச்மார்ஸ்காவும் 2004இல் மைய வகையைப் பிளந்து டயாட்டம்களுக்கு மொத்தம் மூன்று வகுப்புகளை முன்வைத்த பின்னும் பழைய வரியையே அச்சிடுவோருக்கு அந்தச் சலுகை இல்லை. பாடநூலாசிரியர்கள் அடுத்த பதிப்பிலேனும் அந்த வரியை வகைப்பாட்டு அத்தியாயத்திலிருந்து நீக்க வேண்டும்.