தொட்டி நிரம்பினால் தண்ணீர் எங்கே போகும்?



கோழி, காளான், வீட்டுத்தோட்டம் என்று எழுதிவந்த இந்தப் பக்கத்தில் இம்மாதம் ஒரு மீன் தொட்டியைப் பற்றி எழுதுகிறேன். மீன் வளர்க்காதவர்களும் வாசியுங்கள். நீர்ப்பம்பி வைத்திருக்கும் எந்த வீட்டுக்கும் இது உதவும்.

சென்ற மாதம் வலப்பனையில் ஒரு தங்கச்சியின் வீட்டுக்குப் போயிருந்தேன். அவளது குடும்பம் இந்த மலையைச் சேர்ந்ததுதான். 1977 கலவரத்துக்குப் பின் தாத்தாவும் பாட்டியும் வன்னிக்குப் போனார்கள். அவள் பிறந்தது கிளிநொச்சிப் பக்கம். 2009இல் கணவனை இழந்து, முகாமிலிருந்து வெளியே வந்தபின், இரண்டு பிள்ளைகளோடு பெரியம்மாவின் வீட்டைத் தேடி மறுபடி மலைக்கே வந்து சேர்ந்தாள். இப்போது ஆறு சீமெந்துத் தொட்டிகளில் கப்பியும் மொலியும் வளர்த்து விற்கிறாள். இலங்கையிலிருந்து ஏற்றுமதியாகும் நன்னீர் அலங்கார மீன்களில் கப்பிக்குப் பெரிய பங்கு உண்டு. நுவரெலியாக் குளிர் இந்த மீன்களுக்கு ஆகாது. வலப்பனை அதைவிடத் தாழ்வு என்பதால் சமாளிக்கலாம்.

வாங்க வருபவர்களுக்கு மீனைக் காட்டுவதற்காக, மூடப்பட்ட ஒரு சாப்பாட்டுக் கடையிலிருந்து பெரிய அக்ரிலிக் தொட்டியொன்றை மலிவாக வாங்கியிருந்தாள். 6 அடி நீளம், 2 அடி அகலம், 2 அடி உயரம். நிரப்பினால் ஏறக்குறைய 680 லீற்றர். தண்ணீரின் பாரம் மட்டுமே 680 கிலோ.

தொட்டியின் ஒரு மூலையில் பெட்டி போல ஒரு தடுப்பு. அதன் மேல் விளிம்பு பல்லுப் பல்லாக வெட்டப்பட்டிருக்கும். மிகுதித் தண்ணீர் அதன் வழியே பெட்டிக்குள் விழுந்து, அடியிலுள்ள 1 அங்குலக் குழாயால் கீழ்த்தொட்டிக்கு இறங்கும். அங்கிருந்து பம்பி அதை மறுபடி மேலே தள்ளும். பெட்டியின் அடியில் இரண்டு துளைகள்: ஒன்று இறங்குவதற்கு, முக்கால் அங்குலமான மற்றது ஏறுவதற்கு. இறங்கும் வழி ஒன்றே ஒன்று.

ஒரு நாள் இரவு பாசியும் செத்த மீனொன்றும் அந்த வாயில் சிக்கிக்கொண்டன. பம்பிக்கு அது தெரியுமா? கீழே இருந்ததையெல்லாம் மேலே தள்ளிக்கொண்டே இருந்தது. தொட்டி விளிம்பால் வழிந்து வீடெல்லாம் தண்ணீர். உயர்தரம் படிக்கும் மகனின் கொப்பிகள் ஊறிப்போயின. கீழ்த்தொட்டி வற்றியதும் பம்பி எரிந்தது. மகளிர் சங்கத்தில் கடன் எடுத்து வாங்கிய பம்பி அது. மின்சாரப் பலகை நிலத்தில் கிடந்ததை நினைத்தால் எனக்கு இப்போதும் நெஞ்சு படபடக்கிறது. கால் வைத்திருந்தால்?

அதன்பிறகு அவள் இரவில் மூன்று நான்கு தடவை எழும்பி டோர்ச் அடித்துப் பார்க்கிறாள். “வன்னியில் நித்திரை முழித்தே பழகிவிட்டேன் அக்கா, எனக்கென்ன” என்றாள். அந்தப் பழக்கம் மாறவேண்டும் என்றுதான் நான் வேலையில் இறங்கினேன்.

இன்னொரு துளை போடலாம் என்று குழாய் வேலை செய்யும் தம்பி சொன்னார். நான் சம்மதிக்கவில்லை. அக்ரிலிக்கில் துளை போட முடியும். ஆனால் அவசரப்பட்டால் சூட்டில் உருகும், வெடிப்பு விழும். சிலிக்கன் பசையும் அதில் சரியாகப் பிடிக்காது. தின்னரோ ஸ்பிரிட்டோ பட்டால் மயிரிழை வெடிப்புகள் தோன்றும். 2022 டிசம்பர் 16ஆம் திகதி ஜேர்மனியின் பெர்லின் நகர ஹோட்டல் ஒன்றில் 10 இலட்சம் லீற்றர் கொண்ட அக்ரிலிக் தொட்டி விடியற்காலையில் வெடித்துச் சிதறியது. ஏறக்குறைய 1,500 மீன்கள் அதில் இருந்தன. ஆராய்ந்த நிபுணரால்கூடக் காரணத்தை உறுதியாகச் சொல்ல முடியவில்லை. நமக்கு ஏன் வீண் வேலை?

துளை போடாமலே வழி இருந்தது. தண்ணீர் ஏறிய துளையை இறங்கும் துளையாக மாற்றினோம். ஏறும் குழாயைத் தொட்டியின் பின்விளிம்புக்கு மேலால் வளைத்துவிட்டோம்.

பழைய 1 அங்குலக் குழாயின் வாயைப் பெட்டியின் நீர்மட்டத்துக்குக் கீழே தாழ்த்தி, மறுமுனையில் கேற் வால்வு ஒன்றைப் பூட்டினோம். வால்வை மெல்ல மெல்லத் திருக, காற்று உள்ளே போகாமல் குழாய் முழுவதும் தண்ணீராகவே ஓடும். சத்தமும் இராது. பீப்பாவிலிருந்து தண்ணீர் எடுக்க ரியூப்பை வாயால் உறிஞ்சி விடுவோமே, அதே வித்தைதான். இரண்டாவது குழாயின் வாய் நீர்மட்டத்துக்கு இரண்டு விரல் மேலே, பல்விளிம்புக்குக் கீழே நிற்கும். அதில் ஒருபோதும் வால்வு பூட்டக்கூடாது, வலையால் மூடவும் கூடாது. எந்நாளும் காய்ந்து கிடப்பதுதான் அதன் வேலை.

“காய்ந்து கிடக்கிறதுக்கு ஒரு குழாயா?” என்று பெரியம்மா சிரித்தார். தேயிலை மலையில் கான் வெட்டுவதைச் சிறுவயதிலிருந்தே பார்த்தவர் அவர். வெயில் காலத்தில் கானில் என்ன ஓடுகிறது என்று நான் கேட்டேன். 2007 ஜனவரியில் வலப்பனையிலும் ஹங்குராங்கெத்தையிலும் மலை சரிந்து உயிர்கள் போனதை யாரும் அவருக்கு நினைவூட்டத் தேவையில்லை. தங்கச்சி மட்டும் குனிந்தபடியே சொன்னாள்: “எங்கட பங்கருக்கும் இரண்டு வாசல் வைத்திருந்தோம் அக்கா.”

மேலால் வரும் குழாயில் ஒரு ஆபத்து உண்டு. மின்சாரம் நின்றால் தொட்டித் தண்ணீரை அதுவே கீழே உறிஞ்சிவிடும். 2022 மார்ச்சில் ஒரு நாளுக்கு 13 மணிநேரம்வரை மின்வெட்டு இருந்ததே, மறந்துவிட்டோமா? அதனால் அந்தக் குழாயில் நீர்மட்டத்துக்குச் சற்றுக் கீழே சிறு ஓட்டை ஒன்று போட்டோம். மட்டம் கொஞ்சம் இறங்கியதும் காற்றுப் புகுந்து உறிஞ்சல் நின்றுவிடும். அவ்வளவு தண்ணீரும் கொள்ளும்படி கீழ்த்தொட்டியில் இடம் விட்டோம். அந்த ஓட்டையை வாரம் ஒரு தடவை ஊசியால் குத்திவிட வேண்டும்.

மின்சாரப் பலகையைச் சுவரில் உயர்த்தினோம். பம்பி வயர் பலகைக்குப் போகுமுன் கீழே தொங்கி மேலேறும்படி விட்டோம். வயரில் வழியும் தண்ணீர் அந்த வளைவிலேயே சொட்டிவிடும். வீட்டில் டிரிப் சுவிட்ச் வேலை செய்கிறதா என்று அதன் பொத்தானை அழுத்தியும் பார்த்தோம்.

பிறகு சோதனை. வால்வை முற்றாக மூடினேன். தண்ணீர் ஏறி, காய்ந்து கிடந்த குழாய்க்குள் ‘கொளகொள’ என்று விழுந்தது. ஆனாலும் மட்டம் மேலும் ஏறித் தொட்டி விளிம்புக்கு இரண்டு விரல் கிட்ட வந்துவிட்டது. முக்கால் அங்குலம் அந்தப் பம்பிக்குப் போதவில்லை. பம்பியின் வேகத்தைக் குறைத்தோம், மட்டம் நின்றது. இந்தச் சோதனையைச் செய்யாமல் வீடு திரும்பியிருந்தால் செய்த வேலையில் அர்த்தமே இல்லை. பக்கத்து அறையிலிருந்த மகன் சத்தம் கேட்டு ஓடிவந்தான். இனி அதுதான் அவர்களுடைய அபாய மணி.

இரண்டு கிழமை கழித்துத் தொலைபேசியில் கேட்டேன். “இப்ப ஒரு தடவைதான் எழும்புறேன் அக்கா” என்றாள். “டோர்ச் அடிக்கிறதில்லை. கட்டிலிலேயே இருந்து, அந்தச் சத்தம் கேட்குதா என்று பார்த்துவிட்டுப் படுத்துவிடுவேன்.”