“படிக்கலன்னா கார் கழுவத்தான் போவே!” – இந்த ஏச்சை நிறுத்துவோம்

தமிழ்ப்பள்ளி வகுப்பறைகளிலும் நம் வீடுகளிலும் தலைமுறை தலைமுறையாக ஒலித்து வரும் வாக்கியம் ஒன்று உண்டு. “ஒழுங்கா படிக்கலன்னா நீ கார் கழுவத்தான் போவே!” என்பதே அது. யு.பி.எஸ்.ஆர். தேர்வு 2021ஆம் ஆண்டில் நீக்கப்பட்டது. பி.தி.3 தேர்வு 2022ஆம் ஆண்டில் நீக்கப்பட்டது. அந்தத் தேர்வுகளைக் காட்டிப் பிள்ளைகளை மிரட்டுவதற்கு நாம் வைத்திருந்த இந்த வாக்கியம் மட்டும் இன்னும் நீங்கவில்லை.

இவ்வாக்கியத்தை அடியோடு நிறுத்த வேண்டும் என்கிறேன். கேட்பதற்குக் கடுமையாக இருக்கிறது என்பதற்காக மட்டும் அன்று. அஃது உண்மைக்குப் புறம்பானது. பிள்ளைகளுக்குக் கேடு விளைவிப்பது. சொல்லுகின்ற நமக்கே நட்டம் தருவது. இதற்குச் சான்று தேடி நெடுந்தொலைவு போக வேண்டியதில்லை. நம் பள்ளி வளாகத்தில் நிறுத்தி வைத்திருக்கும் மகிழுந்துகளே போதும்.

வெயிலில் தெரியும் சிலந்தி வலை

நல்ல வெயிலில், கறுப்பு அல்லது அடர்நீல நிற மகிழுந்து ஒன்றின் ‘போனட்’ எனப்படும் முன்மூடியைச் சற்றே சாய்ந்து பாருங்கள். சூரியனின் பிம்பத்தைச் சுற்றிச் சிலந்தி வலை பின்னியதுபோல நுண்ணிய கோடுகள் வட்ட வட்டமாகத் தெரியும். பட்டறைக்காரர்கள் இதனை ‘ஸ்வர்ல் மார்க்’ என்பார்கள். நாம் சுழல் கீறல் என்று சொல்லலாம்.

உண்மையில் அவை வட்டங்கள் அல்ல. எல்லாத் திசைகளிலும் ஓடும் மெல்லிய கீறல்கள். ஒளி படும் திசைக்குக் குறுக்காக அமைந்த கீறல்கள் மட்டுமே ஒளியை நம் கண்ணுக்குத் திருப்பி அனுப்புகின்றன. ஆதலால் ஒளியைச் சுற்றி வட்டம் இருப்பதுபோலத் தோன்றுகிறது. பல நாள் தேய்த்துக் கழுவிய எவர்சில்வர் தட்டை விளக்கின் கீழே பிடித்தால் இதே காட்சியைக் காணலாம். ஒளி எதிரொளிக்கும் தன்மையைத் தொடக்கப்பள்ளி அறிவியல் பாடத்திலேயே நாம் கற்பிக்கிறோம். ஆனால், அந்தப் பாடம் நம் மகிழுந்தின் மேலேயே எழுதப்பட்டிருப்பதை யாரும் பிள்ளைகளுக்குக் காட்டுவதில்லை!

இக்கீறல்கள் எப்படி வந்தன? பெரும்பாலும் நாம் ‘சுத்தம்’ செய்ததால் வந்தவை. காய்ந்த தூசியின் மேல் இறகுத் துடைப்பானை ஓட்டுவது, சக்கரத்தைத் துடைத்த துணியாலேயே முன்மூடியையும் துடைப்பது, தரையில் விழுந்த துணியை உதறிவிட்டு மீண்டும் பயன்படுத்துவது, ஒரே வாளித் தண்ணீரில் பத்து வண்டிகளைக் கழுவுவது என்று காரணங்கள் பல. துணியில் ஒட்டியிருக்கும் மணல் துகள் ஒவ்வொன்றும் ஓர் எழுத்தாணி.

இங்கேதான் நம் வாக்கியம் திரும்பி வந்து நம்மையே தாக்குகிறது. கார் கழுவுவது தகுதியற்றவன் செய்யும் வேலை என்று நாம் முடிவு கட்டிவிட்டோம். ஆகையால், அதைக் கற்றுக்கொள்ள எதுவுமில்லை என்றும் முடிவு கட்டிவிட்டோம். கற்றுக்கொடுப்பவர் இல்லை, கற்றதற்குக் கூலி தருபவரும் இல்லை. விரைவாகவும் மலிவாகவும் முடிய வேண்டும் என்பதே நம் எதிர்பார்ப்பு. அதன் விளைவைத்தான் வெயிலில் பார்க்கிறோம். நம் மகிழுந்தின் மேலுள்ள சுழல் கீறல்கள், ஓர் உழைப்பை நாம் இழிவாக எண்ணியதற்கு நமக்குக் கிடைத்த பட்டயம்.

நீக்குவதற்கு என்ன வேண்டும்?

என்னிடம் பயின்ற மாணவர் ஒருவர் இன்று இத்தொழிலைச் செய்து வருகிறார். அவர் வேலை செய்வதை அருகிலிருந்து பார்த்தும் கேட்டும் அறிந்தவற்றைக் கீழே வரிசைப்படுத்துகிறேன். ஆசிரியப் பெருமக்கள் பொறுமையோடு படிக்க வேண்டுகிறேன்.

1. தூய்மை. இரண்டு வாளிகள். ஒன்றில் சவர்க்கார நீர். மற்றொன்றில் கையுறைத் துணியை அலசுவதற்கு வெறும் நீர். கழுவிய பிறகு, பூச்சில் பதிந்துள்ள இரும்புத் துகள்களைக் கரைக்கும் மருந்தைத் தெளிக்கிறார். துகள் உள்ள இடங்களில் மருந்து ஊதா நிறமாக மாறுகிறது. எஞ்சிய அழுக்கை ‘கிளே பார்’ எனப்படும் களிமண் போன்ற கட்டியால் வழுக்கி எடுக்கிறார்.

2. அளவை. அடுத்து, பூச்சின் தடிமனைக் கருவியால் அளக்கிறார். அளவு மைக்ரோனில் வருகிறது. ஒரு மைக்ரோன் என்பது ஒரு மில்லிமீட்டரில் ஆயிரத்தில் ஒரு பங்கு. தொழிற்சாலையில் பூசப்பட்ட அடுக்குகள் அனைத்தும் சேர்ந்து பெரும்பாலும் 100 முதல் 150 மைக்ரோன் வரை இருக்கும். அவற்றுள் மேலே இருக்கும் நிறமற்ற பூச்சான ‘கிளியர் கோட்’ ஏறத்தாழ 40 அல்லது 50 மைக்ரோன்தான். நம் தலைமுடியின் தடிமனைவிடக் குறைவு! உலோகத்தின் மேல் வைக்கும் சாதாரணக் கருவி மொத்தத் தடிமனையே காட்டும். கிளியர் கோட் மட்டும் எவ்வளவு என்று காட்டாது. எண் மிக அதிகமானால் அப்பகுதி மறுபடி சாயம் பூசப்பட்டது. மிகக் குறைந்தால் முன்பே யாரோ தேய்த்திருக்கக்கூடும் என்று அவர் ஊகித்தறிய வேண்டும்.

3. சோதனை. முழு வண்டியிலும் உடனே கைவைப்பதில்லை. ஒரு சிறு பகுதியில், மிக மென்மையான பஞ்சும் மிக மென்மையான மருந்தும் கொண்டு தொடங்குகிறார். போதவில்லை என்றால் மட்டுமே ஒரு படி கடுமையானதற்குப் போகிறார்.

4. பொறி. பாலிஷ் பொறியில் முக்கியமாக இரண்டு வகை உண்டு. ‘ரோட்டரி’ ஓர் அச்சில் மட்டும் சுழல்வது. வேகமாக வெட்டும், வெப்பம் ஓரிடத்தில் குவியும், பழகாத கை பிடித்தால் ஓரங்களில் பூச்சைத் தின்றுவிடும், அல்லது புதிய சுழல் தடங்களை விட்டுச் செல்லும். ‘டூவல் ஆக்‌ஷன்’ சுழன்றுகொண்டே சிறு வட்டப் பாதையில் அலைவது. மிகுதியாக அழுத்தினால், பல பொறிகளில் பஞ்சின் சுழற்சி நின்றுவிடும். இது கற்போருக்குப் பாதுகாப்பானது.

5. கை. இரண்டு அடிக்கு இரண்டு அடி என்ற அளவில் ஒரு சதுரம். வினாடிக்கு ஏறத்தாழ ஓர் அங்குல நகர்வு. ஒவ்வொரு வரிசையும் முந்தைய வரிசையின் பாதியை மூட வேண்டும். நெடுக்காக ஓட்டிய பின் குறுக்காக ஓட்ட வேண்டும். புறங்கையால் தொட்டு வெப்பத்தைச் சோதிக்க வேண்டும். பஞ்சை அடிக்கடி சுத்தப்படுத்த வேண்டும்.

6. மெய்ப்பித்தல். தேய்க்கும் மருந்தில் உள்ள எண்ணெய், கீறலை நிரப்பி மறைத்துவிடும். எனவே, ஐசோபுரோப்பைல் ஆல்கஹால் கலந்த நீரால் துடைத்துவிட்டு, எல்.ஈ.டி. விளக்கைப் பல கோணங்களில் பிடித்துப் பார்க்கிறார். உண்மையாகவே நீங்கிவிட்டதா, வெறுமனே மறைந்திருக்கிறதா என்று தெரிந்துவிடும்.

இவ்வளவும் எதற்கு? கீறலை நீக்குவது என்பது பள்ளத்தை நிரப்புவது அன்று. பள்ளத்தின் அடிமட்டம் வரை சுற்றியுள்ள பூச்சைக் குறைத்துச் சமப்படுத்துவது. ஆகவே, ஒவ்வொரு முறையும் சில மைக்ரோன் பூச்சு போய்விடுகிறது. வெயிலின் புறஊதாக் கதிரைத் தடுப்பதும் அதே கிளியர் கோட்தான். அது காப்புத்திறனை இழந்தால் என்ன ஆகும் என்பதை, கூரை வெளுத்துச் செதில் செதிலாக உரிந்த பழைய வண்டிகளில் நாம் காண்கிறோம். நகம் தட்டும் அளவுக்கு ஆழமான கீறல் ஒன்றைச் சுட்டிக்காட்டி, இதையும் எடுத்துவிடலாமே என்று கேட்டேன். “எடுத்தத திருப்பி ஒட்ட முடியாது சார். இத விட்டுடறதுதான் வேலை” என்றார். எங்கே நிறுத்த வேண்டும் என்று அறிவதற்குப் பெயர் அறிவுடைமை இல்லையென்றால், வேறு எதற்குப் பெயர்?

அளவை, பரப்பளவு, விகிதம், ஒளி, உராய்வு, வெப்பம், வேதிமாற்றம், பொறுமை, நேர்மை. இவற்றுள் எது ‘படிக்காதவன்’ வேலை? ஆசிரியர்களே, நீங்களே சொல்லுங்கள்.

மறுப்பும் விடையும்

“அப்படியென்றால் பிள்ளைகள் மருத்துவராகவும் வழக்கறிஞராகவும் வரவேண்டாம் என்கிறீரா?” என்று சிலர் கேட்கலாம். இல்லை. நன்றாக வரட்டும். ஆனால், ஒருவரை உயர்த்துவதற்கு மற்றொருவரின் தகப்பனாரைத் தாழ்த்த வேண்டியதில்லை. நீங்கள் அந்த வாக்கியத்தை உரக்கச் சொல்லும் வகுப்பில், தந்தையோ அண்ணனோ அதே வேலையைச் செய்யும் பிள்ளை ஒன்று உட்கார்ந்திருக்கலாம். அவர்கள் கூலியில் வாங்கிய காலணியை அணிந்துகொண்டு அது பள்ளிக்கு வந்திருக்கலாம். அந்தப் பிள்ளை அன்று என்ன பாடம் கற்றுக்கொண்டு வீடு திரும்பும்?

“பாலிஷ் செய்வது நுட்பமான வேலைதான், வெறும் கழுவுதல் அப்படியன்று” என்பது அடுத்த மறுப்பு. இது தலைகீழான வாதம். சரியாகக் கழுவினால் கீறல் விழுவது பெரிதும் குறையும். கீறல் குறைந்தால் பூச்சைத் தேய்க்கும் தேவையும் குறையும். நோயைத் தீர்ப்பவரை மதித்து, வராமல் காப்பவரை இழிவுபடுத்துவது என்ன முறை?

“கூலி குறைவு, அதனால்தான் எச்சரிக்கிறோம்” என்பார்கள் பெற்றோர்கள். கூலியைக் குறைத்து வைத்திருப்பவர்களுள் நாமும் இருக்கிறோம். ஒரு வண்டியின் கீறல்களை முறையாக நீக்க ஒரு நாளோ இரண்டு நாளோ ஆகலாம். நாமோ ஒரு மணி நேரத்தில் பளபளக்க வேண்டும் என்று பேரம் பேசுகிறோம். கடைக்காரரும் எண்ணெய்ப்பசை மிகுந்த மருந்தைப் பூசிக் கீறலை மறைத்துத் தருகிறார். சில முறை கழுவியதும் எல்லாம் திரும்பி வந்துவிடும். மறைப்பது வேறு, நீக்குவது வேறு. மனனம் செய்த கட்டுரையை எழுதித் தேறிய மாணவனைப் பார்த்திருக்கும் நமக்கு இந்த வேறுபாட்டை விளக்க வேண்டியதில்லை.

உண்மையான கேடு

பாடத்தில் பின்தங்கிய பையன் பள்ளியை விட்டு விலகிக் கார் கழுவும் கடைக்குப் போகிறான். தான் தோற்றுப்போனதால்தான் அங்கு வந்தோம் என்ற எண்ணத்தை நாம் முன்பே அவன் நெஞ்சில் பதித்துவிட்டோம். அங்கே கற்க ஏதோ இருக்கிறது என்று அவனுக்கு யாரும் சொல்லவில்லை. அவன் கையில் ரோட்டரி பொறியைக் கொடுத்து ‘ஓட்டு’ என்கிறார்கள். கதவின் ஓரத்தில் பூச்சு கருகுகிறது. ஏச்சு விழுகிறது, சம்பளத்தில் பிடித்தம் விழுகிறது. அவன் சோம்பேறி என்று ஊர் சொல்லுகிறது. இப்படி மனம் ஒடிந்து வேலையை விட்டு வந்த இளையோரை நான் கண்டிருக்கிறேன். அவர்களுக்கு மூளை இல்லாமல் போகவில்லை. மதிப்போடு கற்றுக்கொடுக்க ஓர் ஆள்தான் இல்லாமல் போயிற்று.

வழி இல்லாமலும் இல்லை. நம் நாட்டில் 2006ஆம் ஆண்டிலேயே தேசியத் திறன் மேம்பாட்டுச் சட்டம் இயற்றப்பட்டது. மலேசியத் திறன் சான்றிதழ் முதல் மூன்று நிலைகளுக்கும், அதன் மேல் நான்காம் நிலையில் திறன் டிப்ளோமாவும், ஐந்தாம் நிலையில் உயர்நிலைத் திறன் டிப்ளோமாவும் உள்ளன. பணியில் பெற்ற பட்டறிவை மதிப்பிட்டுச் சான்றிதழ் வழங்கும் முறையும் உண்டு. கியாட்மாரா நிலையங்கள் 1986 முதல் இயங்கி வருகின்றன. தொழிற்கல்விப் பள்ளிகள் 2012 முதல் தொழிற்கல்விக் கல்லூரிகளாக உயர்த்தப்பட்டன. இவற்றைப் பெற்றோரிடம் எடுத்துச் சொல்ல வேண்டியவர்கள் நாம். நாமே அந்த வேலைகளை ஏச்சாகப் பயன்படுத்திவிட்டு, பிறகு எந்த முகத்தோடு அவற்றைப் பரிந்துரைப்பது?

மூன்று வேண்டுகோள்கள்

ஒன்று: ஆசிரியர்களே, எந்தத் தொழிலின் பெயரையும் தண்டனையாகச் சொல்லாதீர்கள். படிக்காத பிள்ளையைக் கண்டிக்க வேண்டுமானால், படிக்காததைச் சொல்லிக் கண்டியுங்கள்.

இரண்டு: பள்ளியில் தொழில் வழிகாட்டி நிகழ்ச்சி நடத்தும்போது மருத்துவரையும் பொறியாளரையும் அழைப்பது போலவே, முறையாகத் தொழில் கற்ற ஒரு பட்டறைக்காரரையும் அழையுங்கள். தடிமன் அளக்கும் கருவியை மாணவர்கள் கையில் கொடுக்கச் சொல்லுங்கள். மில்லிமீட்டரில் ஆயிரத்தில் ஒரு பங்கு என்றால் என்ன என்று அன்று அவர்களுக்குப் புரியும்.

மூன்று: பெற்றோர்களே, வண்டியைக் கழுவக் கொடுக்கும்போது, ‘தம்பி, புதுத் துணி எடுத்துக்கொள்ளுங்கள், நேரம் ஆனாலும் பரவாயில்லை’ என்று சொல்லுங்கள். அதற்குரிய கூலியைப் பேரம் பேசாமல் கொடுங்கள். பின்னால் அமர்ந்திருக்கும் உங்கள் பிள்ளை அதைக் கேட்டுக்கொண்டிருப்பான்.

பாடநூல் கைகூடாத பிள்ளைக்குக் கைத்தொழில் கைகூடலாம். இரண்டுமே கல்விதான். அதை முதலில் நம்ப வேண்டியவர்கள் கற்பிக்கின்ற நாமே.