ராத்திரி ரெண்டு மணிக்கு மாடு படுத்தா, ஓசூர்க்காரன் எந்த ஆஸ்பத்திரிக்குப் போவான்?

அஞ்செட்டி மலைப்பக்கம் ஒரு கறவை மாடு கன்னு போட முடியாமத் தவிக்குதுன்னு வெச்சுக்குங்க. கருப்பை முறுக்கிக்கிடுச்சு. உள்ளூர் டாக்டர் வந்து கை விட்டுப் பார்த்துட்டு, "பெரிய ஆஸ்பத்திரிக்குக் கொண்டு போங்க"ன்னு சொல்றார்.

எந்தப் பெரிய ஆஸ்பத்திரி?

ஓசூரிலிருந்து நாமக்கல் கால்நடை மருத்துவக் கல்லூரி சுமார் 200 கிலோமீட்டர். சென்னை வேப்பேரி 300-ஐத் தாண்டும். பக்கத்துல இருக்கிறது பெங்களூரு ஹெப்பால், சுமார் 50 கிலோமீட்டர். ஆனா அத்திப்பள்ளி தாண்டி, சில்க் போர்டு நெரிசல்ல சிக்கி, டாடா ஏஸ்ல நிக்கவும் முடியாத மாட்டோட போய்ச் சேரணும். போய்ச் சேர்ந்தாலும் அது வேற மாநில ஆஸ்பத்திரி.

அறுபதாயிரம், எழுபதாயிரம் கடன் வாங்கிப் பிடிச்ச மாடு. அது போனா பால் காசும் போச்சு, புள்ளைங்க ஃபீஸும் போச்சு. கடன் மட்டும் அப்படியே நிக்கும்.

தமிழ்நாடு கால்நடை மருத்துவ அறிவியல் பல்கலைக்கழகம் 1989-ல உருவானது. சென்னை, நாமக்கல், திருநெல்வேலி, ஒரத்தநாடு, தலைவாசல், உடுமலை, தேனின்னு கால்நடை மருத்துவக் கல்லூரிகள் வந்தாச்சு. சந்தோஷம். கிருஷ்ணகிரி மாவட்டத்துக்கு என்ன வந்துச்சு? மத்திகிரியில ஒரு கோழியின உற்பத்தி மேலாண்மைக் கல்லூரி. நல்ல கல்லூரிதான், குறை சொல்லல. ஆனா அங்க கோழித் தொழில்நுட்பத்துல பி.டெக் படிக்கலாம், மாட்டு டாக்டருக்குப் படிக்க முடியாது. அதனால மருத்துவக் கல்லூரியோட சேர்ந்து வர்ற போதனா மருத்துவமனையும் நமக்கு இல்ல.

"அதான் மாட்டாஸ்பத்திரி இருக்கே, 1962-க்கு போன் போட்டா வண்டி வருமே"ன்னு பதில் சொல்வாங்க. வண்டி வரட்டும், வேணும். பால் காய்ச்சல்ல சாய்ஞ்ச மாட்டுக்கு நரம்புல கால்சியம் ஏத்தினா சில மணி நேரத்துல எழுந்து நிக்கும். வயிறு உப்பினா குழாய் விட்டுக் காத்தை இறக்கலாம். இதெல்லாம் தொழுவத்துலயே முடியும். ஆனா கால் எலும்பு முறிஞ்சா? கம்பித்துண்டு முழுங்கி அது இதயத்தை நோக்கிக் குத்திக்கிட்டுப் போனா? எக்ஸ்ரே, ஸ்கேன், மயக்க மருந்து, அறுவை மேசை, அடுத்த நாலு நாள் பக்கத்துல இருந்து பார்க்க ஆள், இத்தனையும் ஒரு வண்டிக்குள்ள அடங்குமா? சிப்காட்டைச் சுத்தி மேயுற மாடு புல்லோட சேர்த்து எதை எதை முழுங்குதுன்னு நமக்குத் தெரியாதா?

2019 அக்டோபர்ல வேப்பேரியில ஒரு பசுவோட வயித்துலேர்ந்து 52 கிலோ பிளாஸ்டிக்கை அஞ்சு மணி நேரத்துக்கு மேல ஆபரேஷன் பண்ணி எடுத்தாங்க. மாடு பிழைச்சது. அது சென்னை மாடுங்கிறதால பிழைச்சது. தேன்கனிக்கோட்டை மாடா இருந்திருந்தா?

டாக்டர்கள் மேல நமக்குக் கோபம் இல்ல. 5,000 கால்நடைக்கு ஒரு டாக்டர் வேணும்னு தேசிய வேளாண் ஆணையம் 1976-லயே சொல்லிடுச்சு. போதனா மருத்துவமனைன்னா தனித்தனித் துறை இருக்கும், பயிற்சி டாக்டர்கள், முதுநிலை மாணவர்கள் இருப்பாங்க. அதனாலதான் அங்க ராத்திரியிலயும் ஆள் இருக்கும். ஒத்தை டாக்டரை ராத்திரி பகலா ஓட வைக்கிறது தீர்வு ஆகாது, அது கொடுமை.

இடம் இல்லைன்னு மட்டும் சொல்லாதீங்க. மத்திகிரி அரசு கால்நடைப் பண்ணை 1824-ல வெள்ளைக்காரன் ஆரம்பிச்சது. 200 வருஷமாச்சு, 1,600 ஏக்கருக்கு மேல நிலம். குதிரைக்கும் மாட்டுக்கும் இந்த மண்ணும் குளிரும் தோதுன்னு அவனுக்குத் தெரிஞ்சிருக்கு! ஓசூருக்கு 2,000 ஏக்கர்ல விமான நிலையம்னு 2024 ஜூன்ல சட்டமன்றத்துல அறிவிச்சாங்க. 2022 ஜனவரியில கிருஷ்ணகிரிக்கு மனுஷங்களுக்கான மருத்துவக் கல்லூரி திறந்தாச்சு. மனசு வெச்சா முடியும்னு தெரியுது இல்ல?

எருது விடும் விழா வந்தா மேடை ஏறி மாலை போட்டு போட்டோ எடுக்க எல்லாக் கட்சிக்காரனும் வர்றான். அந்த எருது கால் ஒடிஞ்சு படுத்தா ஒருத்தனையும் காணோம்.

சிப்காட் தொழிலாளி வளர்க்கிற நாய்க்குட்டி பார்வோ வந்து ரத்தமாப் பேதி போனாலும் இதே கதைதான். ஒரு மாசச் சம்பளத்தை பெங்களூரு தனியார் ஆஸ்பத்திரியில கட்டணும், இல்ல கண்ணு முன்னாடி சாக விடணும்.

கேட்கிறது இதுதான். மத்திகிரிப் பண்ணை நிலத்துல கால்நடை மருத்துவக் கல்லூரி, அதோட 24 மணி நேர போதனா மருத்துவமனை. கல்லூரி வர வருஷம் ஆகும்னா, பல்கலைக்கழகத்தோட அவசர சிகிச்சைப் பிரிவை முதல்ல இங்க திறங்க. அஞ்செட்டி, தளி, தேன்கனிக்கோட்டையிலேர்ந்து மாட்டை ஏத்திட்டு வர சாய்தளமும் தூக்கு வசதியும் இருக்கிற வண்டி குடுங்க.

தோழர்களே, அடுத்த கிராமசபையில இதைத் தீர்மானமாப் போடுங்க. தீர்மானப் புத்தகத்துல ஏறின பக்கத்தை போட்டோ எடுத்து இங்க கமெண்ட்ல போடுங்க. எந்தெந்த ஊராட்சின்னு நாம கணக்கு வெச்சுக்குவோம்.

#மத்திகிரியில்_கால்நடை_மருத்துவமனை