ஈறில் ரத்தம் வந்தால் சூடு என்கிறோம்

பள்ளிபாளையத்துத் தறிக்காரர் வீடுகளில் காலை நேரம் எப்படிக் கழிகிறது என்று இங்கே குடியிருப்பவர்களுக்குத் தெரியும். ராத்திரி ஷிஃப்ட் முடித்த அப்பா படுத்துவிடுவார். அம்மா பகல் ஷிஃப்டுக்கோ தறிக்கு நூல் தார் போடவோ கிளம்பியிருப்பார். ஏழு வயதுப் பையன் தானே எழுந்து, தானே பல் தேய்த்து, வர்க்கியை டீயில் நனைத்துத் தின்றுவிட்டுப் பள்ளிக்கு ஓடுகிறான். தேய்த்தானா, எந்தப் பக்கம் தேய்த்தான் என்று பார்க்க ஆளில்லை. துப்பிய எச்சிலில் சிவப்பு தெரிந்தால், "சூடுங்க, எளநீ வாங்கிக் குடுத்தாச் செரியாப் போயிரும்" என்பதோடு பேச்சு முடிந்துவிடுகிறது.

அது சூடு இல்லை. பெரும்பாலும் ஈறு நோயின் தொடக்கம்.

பல்லும் ஈறும் சேரும் ஓரத்தில் தினமும் ஒரு வழுவழுப்பான படலம் படிகிறது. அது முழுக்கக் கிருமிகள். தேய்த்து எடுக்காவிட்டால் ஈறு சிவந்து, வீங்கி, தொட்டாலே கசியும். நாளாக நாளாகப் படலம் கெட்டியாகிக் காரையாகிவிடும். அதன்பின் பிரஷ்ஷுக்கு அசையாது. 1965இல் டென்மார்க்கில் ஹெரால்ட் லோ என்ற பல் மருத்துவ ஆய்வாளர், ஆரோக்கியமான ஈறுள்ள 12 பேரைப் பல் தேய்ப்பதை நிறுத்தச் சொன்னார். 10 முதல் 21 நாட்களுக்குள் எல்லோருக்கும் ஈறு வீங்கியது. மறுபடி தேய்க்கத் தொடங்கியதும் குணமானது. தொடக்கத்தில் பிடித்தால் இவ்வளவு எளிதாகத் திரும்பிவிடும் நோய் இது.

பிடிக்காமல் விட்டால் என்ன ஆகும் என்பதற்கும் சாட்சி இருக்கிறது, அதுவும் நம் மக்களின் வாயிலேயே. 1970இல் லோவின் குழு இலங்கையின் தேயிலைத் தோட்டங்களில் 480 தமிழ்த் தொழிலாளர்களைப் பரிசோதிக்கத் தொடங்கியது. பல் தேய்க்கும் பழக்கமோ பல் மருத்துவமோ எட்டாதவர்கள். இளையவர்களுக்கு வயது 14. 15 ஆண்டுகள் தொடர்ந்து பார்த்து 1986இல் முடிவை வெளியிட்டார்கள். 100 பேரில் சுமார் 8 பேருக்குப் பல்லின் பிடிமானம் வேகமாகக் கரைந்தது, 81 பேருக்கு மிதமான வேகத்தில். 11 பேருக்கு மட்டும் ஈறு வீக்கத்தோடு நின்றது. அந்த 8 பேர் யார் என்று பள்ளி வயதில் முகத்தைப் பார்த்துச் சொல்ல முடியாது. ஆகவே எல்லாப் பிள்ளைகளின் வாயையும் பார்த்தே ஆக வேண்டும்.

ஆறு வயதிலிருந்து பன்னிரண்டு வரை பால் பல் விழுந்து புதுப் பல் முளைக்கிற காலம். ஆடும் பல் வலிக்கும் என்று பிள்ளை அந்தப் பக்கம் பிரஷ்ஷைக் கொண்டுபோவதில்லை. நெருக்கியடித்து முளைத்த பல் இடுக்கிலும் பிரஷ் நுழையாது. தறி ஓடும் வீட்டுப் பஞ்சுத் தூசியில் மூக்கடைத்து, வாயைத் திறந்தே தூங்கும் பிள்ளைக்கு முன்பல் ஈறு காய்ந்து சிவக்கும். பத்து வயதுக்கு மேல் பருவ மாற்றம் சேர்ந்துகொள்ளும்; கொஞ்சம் அழுக்குக்கே ஈறு அதிகமாக வீங்கும். சர்க்கரை நோயுள்ள பிள்ளைகளுக்கு இன்னும் கவனம் வேண்டும். அப்பாவுக்கோ அம்மாவுக்கோ இளம் வயதிலேயே பல் ஆடி விழுந்திருந்தால், வலிக்கும்வரை காத்திராமல் பிள்ளையை டாக்டரிடம் காட்டிவிட வேண்டும்.

இதையெல்லாம் யார் பார்க்கிறார்கள்? 2013இல் தொடங்கிய மத்திய அரசின் சிறார் நலத் திட்டத்தில் நடமாடும் மருத்துவக் குழு ஆண்டுக்கு ஒருமுறை அரசுப் பள்ளிக்கு வர வேண்டும். அதன் பட்டியலில் பல்லும் உண்டு. ஆனால் பல் என்றாலே எல்லோர் கண்ணும் சொத்தையைத்தான் தேடுகிறது. ஈறு யார் கணக்கிலும் வருவதில்லை. மருத்துவமனைக்குச் சீட்டு எழுதிக் கொடுத்தாலும், ஒரு நாள் கூலியை விட்டுவிட்டுப் பிள்ளையை அழைத்துப்போக எந்தத் தறித் தொழிலாளியால் முடியும்?

பல் மருத்துவர்களுக்குப் பஞ்சமான ஊரும் இல்லை நமது. குமாரபாளையத்தில் ஒன்று, திருச்செங்கோடு பக்கம் இரண்டு என மூன்று பல் மருத்துவக் கல்லூரிகள் பஸ்ஸில் போய்விடும் தூரத்தில் இருக்கின்றன. இவ்வளவு பக்கத்தில் இத்தனை டாக்டர்களை வைத்துக்கொண்டு நம் பிள்ளைகள் ஈறில் ரத்தத்தோடு பள்ளிக்குப் போவது ஏற்கத்தக்கதல்ல. மாவட்ட நிர்வாகம் இந்தக் கல்லூரிகளை அழைத்து, பள்ளிபாளையம் வட்டாரப் பள்ளிகளைப் பிரித்துக் கொடுக்கட்டும். மின்வாரியம் மாதாந்திரப் பராமரிப்புக்காக மின்சாரம் நிறுத்தும் நாளை முன்கூட்டியே அறிவிக்கிறது. அன்று தறி நிற்கும், பெற்றோர் வீட்டில் இருப்பார்கள், பள்ளி நடக்கும். முகாமை அந்த நாளில் வையுங்கள். காரை எடுக்கும் கருவியும் கூடவே வரட்டும். வெறும் டார்ச் விளக்கோடு வந்து பெயர் எழுதிக்கொண்டு போவது போதாது.

2022 செப்டம்பரில் தொடங்கிய காலை உணவுத் திட்டத்தில் ஐந்தாம் வகுப்பு வரையுள்ள பிள்ளைகள் பள்ளியிலேயே சாப்பிடுகிறார்கள். பிலிப்பைன்ஸ் பள்ளிகளில் பிள்ளைகளை வரிசையாக நிறுத்தி ஃப்ளோரைடு பேஸ்ட்டால் பல் தேய்க்க வைக்கிறார்கள். சாப்பிட்டு முடித்துத் தட்டு கழுவும் அதே குழாயடியில் இங்கேயும் அதைச் செய்யலாம். பிரஷ்ஷும் பேஸ்ட்டும் நகராட்சி வாங்கித் தர முடியாத செலவல்ல.

பெற்றோருக்கு ஒரு வார்த்தை. இன்று பிள்ளையின் உதட்டைத் தூக்கிப் பாருங்கள். நம் பிள்ளைகளின் ஈறு கருத்திருப்பது இயல்பு, அதற்குப் பயப்பட வேண்டாம். பல்லை ஒட்டிய ஓரம் சிவந்து பளபளத்து வீங்கியிருந்தால், மறுநாளே பள்ளிக்குப் போய் டீச்சரிடம் சொல்லுங்கள், முகாம் எப்போது என்று கேளுங்கள். பதில் வரும்வரை கேட்டுக்கொண்டே இருங்கள்.