கசகசா மட்டும் வேண்டாமுங்க!

ஷார்ஜாவுக்கும் சிங்கப்பூருக்கும் இப்ப பீளமேட்டுல இருந்தே நேரா பிளைட் ஏறிடலாம். ஆனா பொட்டி கட்டறது மட்டும் இன்னும் பழனிக்குப் போற கணக்காத்தான் இருக்கு. துணிமணி நாலு செட்டு, மீதியெல்லாம் பருப்புப்பொடி, கறிமசாலா, முறுக்கு. அதுல தப்பே இல்லைங்க. நான் கத்தறது ஒரே ஒரு சரக்குக்காக. கசகசா!

குருமாவுக்குத் தேங்காயோட சேர்த்து அரைப்போமே, அதேதான். அது அபினிச் செடியோட விதை. விதைக்குள்ள போதை ஒண்ணும் கிடையாது. ஆனா காயிலிருந்து வர்ற பால் மேல்தோல்ல ஒட்டிக்கிட்டு வரும், அதுல துளியூண்டு மார்பின் இருக்கும். நம்ம நாட்டுல 1985-ல வந்த போதைப்பொருள் சட்டம், செடியோட மத்த பாகத்தையெல்லாம் சேர்த்துட்டு விதையை மட்டும் விலக்கி வெச்சிருக்கு. அதனாலதான் மளிகைக்கடையில சீரகத்துக்குப் பக்கத்துல உக்காந்திருக்கு. அமீரகம், சவுதி, சிங்கப்பூர் எல்லாம் அப்படி விலக்கு குடுக்கலை. அங்க அது தடை பண்ணின பொருள், அம்புட்டுதான்.

"ஒரு ஸ்பூன்தானுங்க, சமையலுக்குத்தானுங்க"னு அங்க போய் நியாயம் பேச முடியாது. இங்கிலாந்து ஹீத்ரோ விமான நிலையத்துல தின்ன பன்னுல இருந்து சட்டையில ஒட்டின மூணே மூணு கசகசா, துபாய்ல ஒரு சுவிஸ்காரருக்கு 4 வருஷம் ஜெயில் வாங்கிக் குடுத்துச்சுன்னு 2008-ல செய்தி வந்தது.

இதுல நம்ம பக்கத்துக்குன்னே ஒரு குழப்பம் இருக்கு. பாலக்காட்டுக்காரங்க கஸ்கஸ்னு சொல்றது சப்ஜா விதையை. ஃபலூடாவுல கறுப்பா ஊறிக் கிடக்குமே, அது. இலங்கையிலயும் அதுக்குக் கசகசான்னுதான் பேரு. "நான் கொண்டு போனேன், ஒண்ணும் பண்ணலை"ன்னு வாளையார் தாண்டி ஒருத்தர் சொன்னா, எந்தக் கசகசான்னு கேட்டுக்குங்க :-)

முழுசா இருந்தா எடுத்து வீசிடலாம். மில்லுல குடுத்து அரைச்ச குருமாப்பொடியில இருந்து எப்படிப் பொறுக்கறது? வறுத்து அரைச்சாலும் அது கசகசாதான். கடையில வாங்கற மசாலா பாக்கெட்டுலயும் பின்பக்கம் என்ன போட்டிருக்குன்னு படிச்சுப் பாருங்க. இருமல் டானிக்ல கோடீன் இருந்தாலும், வலி மாத்திரை டிரமடாலா இருந்தாலும் இதே வம்புதான். அமீரகத்துக்குக் கெளம்பறதுக்கு முன்னாடியே அவங்க அரசாங்கத்துகிட்ட ஆன்லைன்ல அனுமதி வாங்கோணும். டாக்டர் சீட்டையும் கையில வெச்சுக்குங்க.

அதைவிட எனக்குப் பயம், அடுத்தவங்க குடுக்கற பொட்டலம். "ஏனுங், நம்ம பையனுக்குக் கொஞ்சம் மசாலாங்க, சின்ன பார்சல்தானுங்க"ம்பாங்க. முகம் பார்த்து வேண்டாம்னு சொல்ற பழக்கம் நமக்கு ஏது? ஆனா பெட்டி உங்க பேர்ல இருக்கு. பிடிச்சா உங்களைத்தான் கேப்பாங்க. உங்க முன்னாடி பிரிச்சுக் காட்டாத பொட்டலத்தை, சொந்த மாமாவே குடுத்தாலும், வாங்காதீங்க. கோவிச்சுக்கிட்டா அடுத்த கெடாவெட்டுக்குச் சமாதானம் ஆயிடுவாரு.

என் கோவமெல்லாம் ஆள் அனுப்பற ஏஜென்டுக மேலதான். விசாவுக்கு, மெடிக்கலுக்குன்னு அத்தனை காசு வாங்கறாங்க. "கசகசா கொண்டு போகாதே"ன்னு தமிழ்ல ஒரு துண்டுச்சீட்டு அடிச்சுக் குடுக்க எவ்வளவு ஆயிடப்போகுது? அதையும் போறவன் கையில குடுத்துப் பிரயோசனமில்லை. மசாலா வறுக்கறது அவனில்லை, அவங்கம்மாதான். ஊட்டுக்கு ஒரு போனைப் போட்டு அந்தம்மாகிட்டயே சொல்லோணும்.

கசகசா இல்லாம குருமா கெட்டியாகுமான்னு கேக்கற அம்மணிகளுக்கு: பொட்டுக்கடலை ஒரு கை, முந்திரி நாலு சேர்த்து அரைங்க. நல்லாவே கெட்டியாகும்.