முக்கால் ரூபாய்க் கணக்கு



திருப்பூரில் சனிக்கிழமை மாலைக்குத் தனியொரு முகம் உண்டு. வாரக் கூலி கைக்கு வரும் நாள் அது. பனியன் கம்பெனிகளின் வாயில்களில் கூட்டம். மளிகைக் கடையில் பழைய பாக்கி தீர்கிறது. பேருந்து நிலையத்தில் திண்டுக்கல்லுக்கும் மதுரைக்கும் போகும் வண்டிகள் நிரம்பி வழிகின்றன. மறுநாள் காலை, திருப்பலி முடிந்தபின், பங்குத்தந்தையின் அறை வாசலில் வந்து நிற்போரில் பலர், முந்தைய மாலை கூலி வாங்க இயலாதவர்கள்.

அப்படியொரு ஞாயிறன்று ஒரு தம்பதியர் வந்தனர். கணவர் ஓவர்லாக் தையற்காரர். பதினோராண்டுகளாக ஒரே ஜாப் ஒர்க் கம்பெனியில் வேலை. மனைவிக்கு வேறொரு கம்பெனியில் செக்கிங் வேலை. கணவரைக் காசநோய் பற்றியிருந்தது. மருந்தை அரசு மருத்துவமனை இலவசமாகவே தருகிறது. ஆறு மாதம் விடாமல் உண்ண வேண்டும். ஆனால் மிஷினில் உட்காரும் வலு உடம்பில் இல்லை. "மருந்துக்குக் குறையில்லைங்க சாமி, அடுப்புக்குத்தான் குறை" என்றார் அந்த அம்மாள். அவர் ஒன்றரை ஷிப்ட் பார்க்கிறார். அதுவும் போதாமல், பத்தாம் வகுப்பில் இருந்த மகள் பள்ளியை நிறுத்திவிட்டுக் கைமடி வேலைக்குப் போகிறாள்.

"ஈ.எஸ்.ஐ. எண் இருக்கிறதா?" என்று கேட்டேன். சிறிது நேரம் இருவரும் பேசவில்லை. பிறகு கணவர் தலையைக் குனிந்தபடி சொன்னார்: "கம்பெனியில் கேட்டாங்க சாமி. பிடித்தம் வேண்டாம், முழுக் கூலியும் கையிலேயே கொடுத்திடுங்கன்னு நாங்கதான் சொல்லிட்டோமுங்க."

அந்தப் பிடித்தம் எவ்வளவு? நூறு ரூபாய்க் கூலிக்கு முக்கால் ரூபாய். 2019 ஜூலை முதல் தொழிலாளியின் பங்கு இவ்வளவே. அதற்கு முன் ஒன்றே முக்கால் ரூபாயாக இருந்தது. முதலாளியின் பங்கு மூன்றே கால் ரூபாய். முன்பு அது நான்கே முக்கால். இத்தையற்காரருக்கு மாதம் ஏறக்குறைய 16,000 ரூபாய் கூலி. அவர் செலுத்த வேண்டியது மாதம் 120 ரூபாய். அவர் பெயரில் முதலாளி செலுத்த வேண்டியது 520 ரூபாய்.

இனி மறுபுறத்தைப் பாருங்கள். ஆறு மாதப் பங்களிப்புக் காலத்தில் 78 நாள்களுக்குப் பங்கு செலுத்தியிருந்தால், நோயுற்ற காலத்தில் ஆண்டுக்கு 91 நாள்கள் வரை கூலியில் 70 விழுக்காடு கிடைக்கும். காசநோய் போன்ற நீடித்த நோய்களுக்கு, இரண்டாண்டு தொடர்ந்து வேலையிலிருந்து, உரிய நாள்களுக்குப் பங்கும் செலுத்தியவருக்கு, அதற்கு மேலும் 80 விழுக்காடு வீதம் தொடர்ந்து கிடைக்கும். ஆறு மாதத்துக்குக் கணக்கிட்டால் ஏறக்குறைய 72,000 ரூபாய். அவர் மிச்சம் பிடித்ததோ ஆண்டுக்கு 1,440 ரூபாய். பத்தாண்டு இதே வீதத்தில் சேர்த்திருந்தாலும் 14,400 ரூபாய்தான். அதுவும் வாரா வாரம் கரைந்து போன பணம். இக்கணக்கைத் தாளில் எழுதிக் காட்டினேன். அந்த அம்மாள் தாளை வாங்கி நெடுநேரம் பார்த்துக்கொண்டிருந்தார். அடியேன் எழுதிய கணக்குகளிலேயே கசப்பானது அது.

நாம் தைக்கும் பனியன்கள் போய்ச் சேரும் நாடுகளில் ஒன்று அமெரிக்கா. அங்குக் கடையில் அப்பனியனை மடித்து வைத்து விற்கும் தொழிலாளி நோயுற்றால் என்ன செய்கிறார்? அங்கும் பெரும்பாலோர்க்கு வேலை வழியாகவே மருத்துவக் காப்பீடு வருகிறது. இவ்வழக்கம் வேரூன்றிய கதை விந்தையானது. இரண்டாம் உலகப் போரின்போது 1942இல் அந்நாட்டு அரசு கூலி உயர்வுக்குக் கட்டுப்பாடு விதித்தது. ஆள் கிடைக்காமல் திண்டாடிய நிறுவனங்கள், கூலியை உயர்த்த இயலாமையால், மருத்துவக் காப்பீட்டைக் காட்டி ஆள் சேர்த்தன. 1954ஆம் ஆண்டின் வரிச் சட்டம் அதற்குரிய வரிவிலக்கை உறுதிப்படுத்தியது. அன்று சலுகையாக வந்தது இன்று பெருஞ்சுமையாக வளர்ந்துவிட்டது. கே.எஃப்.எஃப். என்னும் ஆய்வு நிறுவனம் எடுத்த கணக்கின்படி, 2024இல் ஒரு குடும்பத்துக்கான ஆண்டுக் காப்பீட்டுக் கட்டணம் சராசரியாக 25,572 டாலர். அதில் 6,296 டாலரைத் தொழிலாளி தம் சம்பளத்திலிருந்து கொடுத்தார். எஞ்சியதை முதலாளி செலுத்தினார்.

இதிலிருந்து நாம் கற்க வேண்டியவை இரண்டு. முதலாவது, முதலாளி செலுத்துவதாகச் சொல்லப்படும் பெரும்பங்கும் உண்மையில் உழைப்பின் விலையே என்று பொருளாதார அறிஞர் பலர் கூறுகின்றனர். காப்பீட்டுக்குப் போகாதிருந்தால் அப்பணம் கூலியாக வந்திருக்கும் என்பது அவர்கள் வாதம். இங்கும் அப்படியே. நம் தையற்காரர் 120 ரூபாயை மிச்சம் பிடித்தார் என்பது பாதி உண்மைதான். தமக்குரிய 520 ரூபாயை மாதந்தோறும் வேண்டாமென்று தள்ளினார் என்பதே முழு உண்மை.

இரண்டாவது, அமெரிக்காவில் கட்டணம் பெரும்பாலும் கூலியைப் பார்ப்பதில்லை. ஒரே நிறுவனத்தில் மேலாளருக்கும் கடைநிலை ஊழியருக்கும் பிடித்தம் ஏறக்குறைய ஒன்றாகவே இருப்பதுண்டு. சிறுகூலிக்காரரின் தோளில்தான் அது கனக்கிறது. நம் திட்டத்திலோ 10,000 ரூபாய் வாங்குபவர் 75 ரூபாயும், 20,000 ரூபாய் வாங்குபவர் 150 ரூபாயும் கொடுக்கின்றனர். இருவர் குடும்பத்துக்கும் மருத்துவம் ஒன்றே. தாங்கும் அளவுக்குக் கொடுத்துத் தேவைக்கேற்பப் பெறும் முறை இது. திருத்தூதர் காலத்துச் சபையை நினைவூட்டும் ஏற்பாடு ஒன்று நம் நாட்டுச் சட்டத்தில் இருக்க, நாம் அதை 'பிடித்தம்' என்று சொல்லி வெறுக்கிறோம்.

இத்திட்டம் நமக்குப் புதியதும் அன்று. பேராசிரியர் அதார்க்கர் 1944இல் அளித்த அறிக்கையின் பேரில் 1948இல் சட்டமாயிற்று; 1952 பிப்ரவரி 24 அன்று கான்பூரில் நேரு அதைத் தொடங்கி வைத்தார். தமிழகத்தில் முதலில், 1955இல், மில் தொழிலாளர் நிறைந்த நம் கோவையில்தான் வந்தது. அச்சட்டம் இப்போது 2020ஆம் ஆண்டின் சமூகப் பாதுகாப்புத் தொகுப்புச் சட்டத்தில் அடங்கி, 2025 நவம்பர் 21 முதல் அத்தொகுப்பு நடைமுறைக்கு வந்துள்ளது. சட்டத்தின் பெயர் மாறினும் திட்டம் தொடர்கிறது.

அப்படியிருக்க, இத்தனை பேர் ஏன் வெளியே நிற்கின்றனர்? அந்த ஜாப் ஒர்க் கம்பெனி முதலாளியையும் சந்தித்தேன். அவரும் ஒருகாலத்தில் சிங்கர் மிஷினில் அமர்ந்து தைத்தவர், கல்நெஞ்சர் அல்லர். தையற்காரர் படுத்ததும் கையிலிருந்து பத்தாயிரம் கொடுத்தவர். "பதினாலு பேருங்க சாமி. மாதம் ஏழாயிரத்துக்கு மேலே கட்டணும். ஏற்றுமதிக் கம்பெனி கொடுக்கிற பீஸ் ரேட்டில் அதுக்கு எங்கே இடம்?" என்றார். அவர் சொல்வதிலும் நியாயம் இல்லாமலில்லை. ஏற்றுமதிக் கம்பெனியின் வாயிலுக்குள் இருப்போரின் பதிவேட்டை வெளிநாட்டார் அனுப்பும் தணிக்கையாளர் புரட்டிப் பார்க்கிறார்; சந்துக்குள் இருக்கும் ஜாப் ஒர்க் கூடம் பெரும்பாலும் அவர் கண்ணுக்கு எட்டுவதில்லை. ஆகவே விலை பேசும்போது ஈ.எஸ்.ஐ. கணக்கை மேலேயுள்ளவர் மறக்கிறார். கூலி கொடுக்கும்போது கீழேயுள்ளவர் மறக்கிறார். இருவரும் மறந்ததை ஒரு பத்தாம் வகுப்புச் சிறுமி கைமடித்துத் தீர்க்கிறாள்.

அவர் கொடுத்த பத்தாயிரத்தை நான் குறைத்து மதிப்பிடவில்லை. ஆயினும் அது கொடை. கொடை கொடுப்பவரின் மனத்தையும் அவர் பெட்டியில் அன்றிருக்கும் பணத்தையும் பொறுத்தது. வாங்குபவர் தலைகுனிந்தே வாங்க வேண்டியிருக்கிறது. காப்பீடு உரிமை, நிமிர்ந்து நின்று கேட்கலாம். திருத்தந்தை இரண்டாம் அருள் சின்னப்பர் 1981இல் மனித உழைப்பைப் பற்றி வரைந்த சுற்றுமடலில், தொழிலாளர்க்கு மருத்துவ உதவி எளிதில் கிட்ட வேண்டும், இயன்றவரை குறைந்த செலவிலோ செலவின்றியோ கிட்ட வேண்டும் என்று வலியுறுத்தியதும் இதை உரிமை எனக் கருதியே.

"ஈ.எஸ்.ஐ. மருந்தகத்தில் கால் கடுக்க நிற்க வேண்டும், அங்கே போய் என்ன பயன்?" என்போரும் உண்டு. அக்குறை பொய்யன்று. பெரிய சிகிச்சைக்கெல்லாம் திருப்பூர்த் தொழிலாளர் நெடுங்காலம் கோவை சிங்காநல்லூருக்கே ஓட வேண்டியிருந்தது. திருப்பூருக்கென 100 படுக்கை மருத்துவமனைக்கு 2019 பிப்ரவரியில் அடிக்கல் நாட்டப்பட்டு, 2024 பிப்ரவரியில்தான் திறப்பு விழா நடந்தது. ஆனால் வரிசை நீளம் என்பதற்காக உரிமையைக் கைவிடுவது, கிணற்றில் நீர் குறைந்ததென்று கிணற்றையே மூடுவது போலாகும். பதிவு பெற்றோர் பெருகி, ஒருமித்துக் கேட்டால்தான் மருத்துவரும் மருந்தும் பெருகும்.

பிறரைக் குறை கூறிவிட்டு ஒதுங்க எனக்கு உரிமையில்லை. பல்லாண்டுகளாக நோயாளிகளுக்குச் சலுகை கேட்டு மருத்துவமனைகளுக்குப் பரிந்துரைக் கடிதம் எழுதி வந்திருக்கிறேன். அவர்களில் ஒருவரிடமாவது முன்கூட்டியே, நலமாயிருந்த நாளில், "உங்களுக்கு எண் உண்டா?" என்று கேட்டேனா? இல்லை. அதைவிட வெட்கம் ஒன்று. அன்றிரவு கோயில் கதவைப் பூட்டிச் சாவியைக் கொண்டுவந்த எங்கள் கோயில்பிள்ளையைப் பார்த்தேன். இருபத்திரண்டாண்டுகள் மணியடித்தவர். நாளை அவர் படுத்துவிட்டால் பங்கில் என்ன ஏற்பாடு? என்னிடம் விடையில்லை. சட்டம் நம்மைக் கட்டாயப்படுத்துகிறதா என்று ஆராய்வதற்கு முன், மனச்சான்று கட்டாயப்படுத்துவதை நாம் செய்தாக வேண்டும். அடுத்த பங்குப் பேரவைக் கூட்டத்தில் இதுவே முதற்பொருள்.

தொழிலாளர் குடும்பங்களுக்குச் சில சொற்கள். 2017 ஜனவரி முதல் மாதக் கூலி 21,000 ரூபாய் வரை பெறுவோர் இத்திட்டத்தில் சேர்க்கப்பட்டனர். பத்துப் பேரோ அதற்கு மேலோ வேலை செய்யும் தொழிற்கூடம் இதற்குள் வரும். கம்பெனி மாறும்போது புது எண் வாங்காதீர்கள். பழைய எண்ணையே கொடுங்கள். மனைவி மக்கள் பெயரும் பதிவாகியிருக்கிறதா என்று பாருங்கள். வேலையில் காயம்பட்டுப் பணிசெய்ய இயலாவிட்டால் கூலியில் 90 விழுக்காடும், பேறுகாலத்தில் 26 வாரம் முழுக் கூலியும் உண்டு என்பதை உங்கள் பெண்மக்களுக்கும் சொல்லி வையுங்கள். முதலாளியின் மூன்றே காலையும் உங்கள் கூலியிலேயே கழிப்பது குற்றம் என்பதை அறிந்திருங்கள். முதலாளிகளாயிருக்கும் அன்பர்களுக்கு ஒரே சொல்: பீஸ் ரேட் பேச உட்காரும்போது நூல், கூலி, மின்சாரத்தோடு இம்மூன்றே காலையும் கணக்கில் சேர்த்துப் பேசுங்கள். தனித்துக் கேட்க அஞ்சினால் பத்துப் பேர் சேர்ந்து கேளுங்கள்.

அச்சிறுமியை மீண்டும் பள்ளியில் சேர்த்திருக்கிறோம். ஆறு மாத அரிசியைப் பங்கின் வின்சென்ட் தே பவுல் சபையார் ஏற்றுள்ளனர். ஆனால் அடுத்த வீட்டுக்கு? அதற்கடுத்த வீட்டுக்கு?

ஆகவே, வரும் சனிக்கிழமை கூலி வாங்கும்போது, முக்கால் ரூபாய் பிடித்திருக்கிறார்களா என்று பாருங்கள். பிடிக்கவில்லையெனில் மகிழாதீர்கள்; ஏன் என்று கேளுங்கள். பிடித்திருந்தால், உங்கள் பெயரில் கட்டியாயிற்றா என்றும் கேளுங்கள். அவ்வளவையும் நலமாயிருக்கும்போதே கேளுங்கள்.